அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஒரு மனிதர்

நேற்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி முதல்முறையாகத் தானே என்எம்ஆர் எடுத்தாள். காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்கள் ரேடியோ அலைக்குத் தரும் பதிலைக் கொண்டு மூலக்கூறின் அமைப்பை அறியும் சோதனை அது. 5 மி.மீ. கண்ணாடிக் குழாயில், டியூட்டிரேட்டட் குளோரோஃபார்மில் கரைத்த துளிப் பொடி. திரையில் ஒரு அலை எழுந்து, நடுங்கி, ஓரிரு நொடியில் அடங்கியது. "சார், பீக்கே வரலையே" என்றாள். ஒரு பட்டனை அழுத்தச் சொன்னேன். அலை போய், ஊசி ஊசியாக வரிகள் எழுந்து நின்றன.

"இது யார் கொடுத்த வழி, தெரியுமா?"

தெரியவில்லை. அவள்மேல் தப்பில்லை. ஸ்பெக்ட்ரம் என்னும் இந்த வரிப்படத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் நாம் ரிச்சர்ட் எர்ன்ஸ்டின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

முன்பெல்லாம் ஜலதரங்கக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தட்டுவதுபோல அலைவரிசையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போவார்கள். வரிகள் இருப்பது சில இடங்களில்தான். மற்ற நேரமெல்லாம் வெறும் இரைச்சலை அளப்பதிலேயே கழியும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த எர்ன்ஸ்ட், 1960-களில் கலிஃபோர்னியாவில் வேரியன் நிறுவனத்தில் வெஸ்டன் ஆண்டர்சனோடு சேர்ந்து இதை மாற்றினார். எல்லாக் கிண்ணத்தையும் ஒரே அடியில் அதிரவிடு, கலந்து வரும் ஒலியை ஃபூரியே கணிதத்தால் பிரித்தெடு. அவ்வளவுதான் யோசனை. அன்றைக்கு அந்தக் கணக்கைப் போடத் தரவுகளைத் துளை அட்டையில் ஏற்றிக் கணினிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது! கட்டுரையை ஒரு முன்னணி இதழ் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. 1966-இல் வேறோர் இதழில்தான் வெளிவந்தது.

இந்த வழி வந்திருக்காவிட்டால் கார்பன் என்எம்ஆர் அன்றாட வேலையாகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இயற்கையில் நூறு கார்பன் அணுக்களில் ஏறத்தாழ ஒன்றுதான், என்எம்ஆரில் குரல் கொடுக்கும் கார்பன்-13. அந்த மெல்லிய குரலைக் கேட்க, அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்து கூட்டியாக வேண்டும். பழைய வேகத்தில் யாருக்கு அந்தப் பொறுமை இருந்திருக்கும்?

வரிகளை இரண்டு அச்சுகளில் விரித்துக் காட்டும் இருபரிமாண என்எம்ஆருக்கான விதை, பெல்ஜியத்தின் ழான் ஜீனர் 1971-இல் ஒரு கோடைக்காலப் பள்ளியில் சொன்னது. அவர் அதைக் கட்டுரையாக அப்போது வெளியிடவில்லை. எர்ன்ஸ்ட் அதை வளர்த்து ஆளாக்கினார், ஆனால் யோசனை ஜீனருடையது என்று எப்போதும் சொல்லிவந்தார். 1991-இல் வேதியியல் நோபல் அவர் ஒருவருக்கே கிடைத்தது. அப்போது மாஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்துகொண்டிருந்தவருக்கு விமானத்தில்தான் சேதி சொன்னார்கள்.

இதே என்எம்ஆர் தத்துவத்தில் உடலின் உள்ளே படமெடுக்கும் எம்ஆர்ஐ என்றதும் 2003-இல் நோபல் வாங்கிய லாட்டர்பரையும் மேன்ஸ்ஃபீல்டையும் சொல்கிறோம், சரிதான். ஆனால் இன்றைய ஸ்கேனில் படம் உருவாகும் விதத்துக்கு, சூரிச்சில் எர்ன்ஸ்டின் குழு 1975-இல் எழுதிய கட்டுரையும் அடித்தளம். அதன் நகலை இன்று அந்த மாணவியிடம் கொடுத்தேன். ஆசிரியர் பட்டியலில் முதல் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "அனில் குமாரா? நம்ம நாட்டுக்காரரா சார்?"

ஆமாம்மா. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்எம்ஆர் ஆய்வை வளர்த்த அதே அனில் குமார்தான்.