ரவுண்ட் ராபின் சமமாக்குவது எண்ணிக்கையைத்தான்

"ரவுண்ட் ராபின் போட்டுவிட்டால் எல்லா சர்வருக்கும் சுமை சமமாகிவிடும், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ரவுண்ட் ராபின் என்பது பயனர்களிடமிருந்து வரும் கோரிக்கைகளை சர்வர்களுக்கு ஒவ்வொன்றாக முறைவைத்து அனுப்புவது. அது சமமாகப் பிரிப்பது கோரிக்கைகளின் எண்ணிக்கையை மட்டும்தான்.

சிங்கப்பூர் தேக்கா சென்டர் உணவங்காடியில் மதியம் மூன்று கடை, ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் என்று வையுங்கள். ஒரு கடையில் முதலில் நிற்பவர் ஆபீசுக்கே சேர்த்து இருபது பொட்டலம் கட்டச் சொல்கிறார். ஆள் கணக்கு சமம்தான், ஆனால் அந்த வரிசை மட்டும் நகராது. சர்வரிலும் அதே கதை: ஒரு கோரிக்கை 5 மில்லிசெகண்டில் முடியும், பெரிய ரிப்போர்ட் கேட்பது 5 செகண்ட் இழுக்கும்.

சரி, லீஸ்ட் கனெக்‌ஷன்ஸ், அதாவது அந்த நேரத்தில் இணைப்புகள் குறைவாக இருக்கும் சர்வருக்கு அனுப்பும் முறை, போடலாமா? பெரும்பாலும் நல்லது. ஆனால் பழுதான சர்வர் உடனுக்குடன் எரர் திருப்பினால், அதுதான் எப்போதும் காலியாகத் தெரியும். புதிய கோரிக்கைகள் அங்கேயே போய் விழும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் இரவு முழுக்க இதோடு போராடினோம். ஹெல்த் செக் (சர்வர் நன்றாக இயங்குகிறதா என்று அடிக்கடி சோதிப்பது) ஒழுங்காக இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

சர்வர்கள் நிறைய இருந்தால் இன்னொரு வழி உண்டு: ரேண்டமாக இரண்டை எடுத்து, சுமை குறைந்ததற்கு அனுப்புவது. இரண்டு தேர்வு இருந்தாலே காத்திருப்பு வெகுவாகக் குறையும், மூன்றாவதால் கூடுதல் பலன் கொஞ்சம்தான் என்று மைக்கேல் மிட்சன்மாக்கர் 1996இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டினார். கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பங்கிடும் மென்பொருள்களான என்ஜின்எக்ஸ், ஹெச்ஏபிராக்ஸி இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது.