அந்தப் படத்தை முதலில் அழியுங்கள்

தலையில் பேன் வந்த ஒரு பிள்ளைக்காக நேற்று இரவு கோபத்தில் போட்ட நாலு வரிக்கே இத்தனை அறிவுரை. 'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிறாய்' என்று ஒரு தோழி எழுதியிருக்கிறாள். அந்த எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்து, அவள் வகிட்டைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்களே, பெருமாளாக்கியது அவர்கள்தான். முகம் தெரியவில்லையாம். அந்தப் பட்டாம்பூச்சி கிளிப் யாருடையது என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேன் வருவது சளி பிடிப்பது மாதிரி. தலையோடு தலை ஒட்டி விளையாடுகிற வயசு. அமெரிக்காவிலேயே 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடையே வருடத்துக்கு 60 லட்சம் முதல் 1.2 கோடி தடவை பேன் தொற்றுவதாக அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது.

'வீட்டில் சுத்தம் இல்லை' என்று குழுவில் ஒருவர் எழுதினார். பேனுக்கு வேண்டியது ரத்தம். தினமும் குளிக்கிற தலையிலும் அது இருக்கும். அது பறக்காது, தாவாது, ஒரு முடியிலிருந்து இன்னொரு முடிக்கு ஊர்ந்து போகும், அவ்வளவுதான். 'அம்மா வேலைக்குப் போறாங்க போல' என்று இன்னொருவர். அந்தப் பிள்ளைக்கு அப்பாவும் இருக்கிறார். அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

என் அப்பத்தா ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து, என் தலையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பேன் சீப்பால் வாருவார். மடியில் விரித்த வெள்ளைத் துணியில் விழுவதைக் கட்டைவிரல் நகத்தால் நசுக்கும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கொடுப்பார், கடிபட்டது தனக்கே என்பது போல. எங்கள் தெருவில் யாரும் இதற்கு வெட்கப்பட்டதில்லை. வெட்கப்படக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பில் டீச்சர் ஸ்கேல் நுனியால் என் சடையைத் தூக்கிக் காட்டினார், கையால் தொடக்கூட இல்லை. அன்று சாயங்காலமே அம்மா அவசரத்தில் மண்ணெண்ணெய் தேய்த்துவிட்டார். பின்கழுத்துத் தோல் உரிந்து ஒரு வாரம் கிடந்தேன். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அவமானம்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது.

'அப்போ எல்லாப் பிள்ளைக்கும் பரவட்டுமா?' நியாயமான கேள்விதான். பரவக் கூடாது. ஆனால் முதல் முறை பேன் வரும் பிள்ளைக்கு அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஒரு மாதமாக எல்லோரோடும் கூடி விளையாடிய பிள்ளையை இன்றைக்கு ஒதுக்கி வைத்து எதைத் தடுக்கப் போகிறீர்கள்? பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் எழுதியே வைத்திருக்கிறது. செய்ய வேண்டியது சின்ன வேலை. மருத்துவரைக் கேட்டு, பேனைக் கொல்லும் பெர்மெத்ரின் லோஷன் போட வேண்டும். ஈர் பொரிய 8, 9 நாள் ஆகும் என்பதால் 9-ஆம் நாள் மறுபடி போட வேண்டும். வீட்டில் எல்லோர் தலையையும் பார்க்க வேண்டும். ஈரத் தலையைப் பொறுமையாக வார வேண்டும்.

'ஆசிரியருக்கு நாற்பது பிள்ளை' என்கிறீர்கள். இருக்கட்டும். போட்டோ எடுக்க இருந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

அப்புறம், 'உன் பிள்ளைக்கும் இருக்கிறது, அதனால்தான் பேசுகிறாய்' என்று உள்பெட்டியில் வந்து கேட்டவருக்கு: ஆமாம், போன மாதம் என் மகளுக்கும் இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை டார்ச் வெளிச்சத்தில் ஈர் உருவினேன். யாரிடமும் சொல்லவில்லை. பயம். இந்தக் குழுவில் என்ன எழுதுவார்கள் என்ற பயம். அந்தப் பிள்ளை என் மகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். யாரிடமிருந்து யாருக்குப் போனதோ! நான் அன்றே சொல்லியிருந்தால் அவள் அம்மாவும் அன்றே பார்த்திருப்பார். நேற்றிலிருந்து இதுதான் என்னைத் தின்கிறது.

இன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று என் மகள் கேட்கிறாள். முடியை ஒட்ட வெட்டிவிட்டார்களாம். இடுப்பு வரை இருந்த முடி.

படம் இன்னும் குழுவில்தான் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அந்த அம்மாவுக்குப் போன் செய்யப் போகிறேன்.