இறக்கிவிட்ட நோயாளிக்கு என்ன ஆச்சு?

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்தது 2008-ல். இதில் என்னைப் போல மருத்துவ உதவியாளராக இருப்பவர்களில் நர்சிங் முடித்தவர்களும் உண்டு, விலங்கியல் பட்டதாரிகளும் உண்டு. சில வாரப் பயிற்சி, அப்புறம் வண்டி. நகரத்தில் சீக்கிரமே ஆஸ்பத்திரி வந்துவிடும். மலையடிவாரத்தில் ஒரு மணி நேரம்கூட நோயாளியோடு நாங்கள்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதில் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பி.எச்.சி. என்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஸ்டாஃப் நர்ஸ்களும், வி.எச்.என். என்கிற கிராம சுகாதார நர்ஸ் அக்காக்களும்.

கட்டுவிரியன் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வீக்கம் இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. ராத்திரி தரையில் படுத்த பையன் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பான். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள் வீட்டில். "தம்பி, கடிவாயைத் தேடிக்கிட்டு நிக்காதே. மேலே பார்க்கச் சொல்லு, இமை தூக்க முடியுதான்னு பாரு" என்று சொல்லிக்கொடுத்தார் ஒரு நர்ஸ் அக்கா. இமை சரிந்தால் அடுத்து மூச்சு நிற்கலாம். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், போய்ச் சேரும் இடத்தில் வெண்டிலேட்டர் இருக்க வேண்டும். இதை நானாகக் கண்டுபிடிக்க எத்தனை உயிர் போயிருக்குமோ.

பிரசவ கேஸ் என்றால் வி.எச்.என். அக்காவுக்கு ஒரு போன். போன பிரசவத்தில் ரத்தப்போக்கு இருந்ததா, ஹீமோகுளோபின் எவ்வளவு, எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். வலியில் துடிக்கிற பெண்ணிடம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் பெரிய ஆஸ்பத்திரி வாசலோடு இந்தப் பேச்சு அறுந்துவிடுகிறது. 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் பி.எச்.சி.யிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று 14 மாத்திரைகள் கொடுத்து அனுப்புகிறார்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டியது நான். நெரிசலான கேஷுவால்டியில் அதைக் காது கொடுத்துக் கேட்பவர்களும் உண்டு, "சீட்டை வெச்சுட்டுப் போப்பா" என்பவர்களும் உண்டு. அவர்கள் வேலைப் பளுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அரை நிமிடம் கேட்டே ஆக வேண்டும். கொடுத்த மருந்தையே மறுபடி கொடுப்பதும், கொடுக்காததைக் கொடுத்ததாக நினைப்பதும் இந்த இடத்தில்தான் நடக்கும்.

இன்னொன்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. இறக்கிவிட்டு வந்தவருக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. நான் ஸ்ட்ரோக் என்று நினைத்தது ஸ்ட்ரோக்தானா? நான் போட்ட கழுத்துப் பட்டை சரியாக இருந்ததா? தெரியாமலே அடுத்த கேஸுக்குப் போகிறோம். அப்படியிருந்தால் பத்து வருஷ அனுபவமும் பழக்கமாக நிற்குமே தவிர அறிவாக ஆகாது.

வட்டார பி.எச்.சி.களில் மாதாமாதம் கூட்டம் நடக்கிறது. அதில் 108 ஊழியருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அந்த மாதம் நாங்கள் கொண்டுவந்த நாலு கேஸை, டாக்டர், நர்ஸ், வி.எச்.என்., வண்டி ஓட்டுகிற பைலட் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம். பைலட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எந்தப் பாதையில் மழைக்கு வண்டி போகாது என்பது அவருக்குத்தான் தெரியும்.