ஆறு மாசத்துல முடிச்சுத் தர்றாங்களாம்

போன ஞாயிற்றுக்கிழமை டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். என் கணவருடைய காலேஜ் நண்பரின் மைத்துனர். கல்யாணமாகி ஒன்பது வருஷம், நாலு தடவை ஐவிஎஃப். இனி உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டு, தத்தெடுக்கலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். "அக்கா, உங்களுக்கு மொத்தம் எவ்ளோ நாள் ஆச்சு?" என்றார். மூணு வருஷம் நாலு மாசம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "ஊர்ல சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவர் மூலமா ஒரு இடம் வந்துருக்குக்கா. ஆறு மாசத்துல முடிச்சுத் தர்றாங்களாம். பர்த் சர்டிஃபிகேட்டே எங்க பேர்ல வந்துடுமாம்" என்றார்.

போனில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் கடுமையாகவே. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் இதே பேச்சோடு என்னிடம் வருகிற மூன்றாவது ஆள் இவர். அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் 2019 நவம்பரில் தத்தெடுக்கப் பதிவு செய்தோம். இருவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை, கையில் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருவது). நான் கும்பகோணம், இவர் சிவகாசி. எங்கள் வாயில் வருவது "ஊருக்குப் போறோம்" என்பதுதான். ஆனால் காகிதத்தின்படி நாங்கள் வெளிநாட்டுக்குப் போய்க் குழந்தை எடுத்துவரும் வெளிநாட்டுத் தம்பதி. ஏஜென்சி கொடுத்த கையேட்டில் "இந்தியாவில் குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், இடது கையால் எதையும் கொடுக்காதீர்கள்" என்று போட்டிருந்தது. இவர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்.

அப்புறம் சிரிப்பு குறைந்துவிட்டது. வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் அம்மா நாலு தடவை வந்தார். வெந்நீர் எவ்வளவு சூடாக வருகிறது, மருந்து அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, புகை அலாரம் கத்துகிறதா என்று பார்த்தார். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, சின்ன வயசில் அடி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். இவர் உண்மை விளம்பி. விளக்குமாற்றால் வாங்கியதை விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்தார். அதற்காகவே இன்னொரு அமர்வு வைத்தார்கள்.

அமெரிக்கக் குடிவரவுத் துறை தரும் ஒப்புதல் 15 மாசத்துக்குத்தான் செல்லும். நடுவில் கொரோனா வந்தது. ஒப்புதல் காலாவதியாகி, மறுபடி கைரேகை, மறுபடி வீட்டு அறிக்கை, மறுபடி பணம். அந்த நாட்களில் காராவை (அதுதான் டெல்லியில் இருக்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையம்) நான் திட்டாத திட்டு இல்லை. "குழந்தைங்க அங்க அநாதையா கெடக்கு, இங்க நாங்க காலித் தொட்டிலோட கெடக்கோம், நடுவுல இவனுங்க ஃபைலை வச்சு அடைகாக்குறானுங்க" என்று இதே முகநூலில் எழுதியிருக்கிறேன். 143 லைக். அந்தப் பதிவை அழிக்கவில்லை, தேடினால் கிடைக்கும். எழுதினவள் நான்தான்.

2022 கோடையில் ஒடிசாவிலிருந்து ஒரு கோப்பு வந்தது. ஒரு வயது முடிந்த பெண் குழந்தை. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவள். உதட்டுக்கு அறுவை முடிந்திருந்தது, அண்ணம் பாக்கி. குழந்தையை முதலில் சொந்த நாட்டுக் குடும்பங்களுக்குத்தான் காட்ட வேண்டும் என்பது விதி. இவளை அங்கே யாரும் கேட்கவில்லை. இந்தியாவில் 2024–25ல் நடந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டிலேயே முடிந்தவை. கடல் தாண்டிப் போவது மிச்சம்தான். அந்த மிச்சத்திலும் உடலில் ஏதோ ஒரு குறை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் நிறைய. அந்தக் 'குறை'களில் பலவற்றை நம் ஊர் ஆஸ்பத்திரிகளே சரிசெய்துவிடும் என்பது வேறு விஷயம். அதை எழுதப் போனால் இன்னொரு பதிவாகிவிடும்.

கோப்பில் மருத்துவ அறிக்கை, எடை அட்டவணை, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு ஒடியா நாளிதழின் நறுக்கு, ஜெராக்ஸ். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். துணி சுற்றிய குழந்தை, மொட்டைத் தலை, மேலுதட்டில் இருட்டாக ஒரு பிளவு. கீழே நாலு வரி. மொழிபெயர்ப்பை இன்னொரு தாளில் இணைத்திருந்தார்கள்: இந்தத் தேதியில், இந்த இடத்தில் கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தை. பெற்றோரோ உறவினரோ இருந்தால் தொடர்பு கொள்ளவும்.

நான் அதுவரை அந்த விளம்பரத்தை ஒரு சடங்கு என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு டைனிங் டேபிளில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு முதல் தடவையாக இந்தப் பக்கத்திலிருந்து இல்லாமல் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்தேன். யாரோ ஒருத்தி அந்தப் பேப்பரைப் பார்த்திருக்கலாம். பார்த்தும் வராமல் இருந்திருக்கலாம். பேப்பர் அவள் கண்ணிலேயே படாமல் போயிருக்கலாம். ஆனால் அவளுக்காக ஒரு கதவைச் சட்டம் திறந்து வைத்திருந்தது. கண்டெடுத்த குழந்தைக்கு இரண்டு வயதுக்குக் கீழே என்றால், தேடிப் பார்த்து ஆள் இல்லை என்று உறுதி செய்ய இரண்டு மாசம். தாயே வந்து ஒப்படைத்த குழந்தை என்றால், மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள அறுபது நாள். நான் 'தாமதம்' என்று திட்டிய கணக்கில் அந்த நாட்களும் உண்டு.

இப்போது அந்த ஆறு மாசக்காரருக்கு வருகிறேன்.

"பர்த் சர்டிஃபிகேட்டே உங்க பேர்ல" என்பதன் அர்த்தம் என்ன? அந்தப் பிள்ளையைப் பெற்றவள் என்று ஒருத்தி இந்த உலகத்திலேயே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. 2019ல் ராசிபுரம் நர்ஸ் ஒருவரின் ஆடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை. அந்த ஆடியோவிலும் பேரம் இந்தச் சான்றிதழைச் சேர்த்துத்தான். குழந்தையை விற்பவருக்கு மட்டுமில்லை, வாங்குபவருக்கும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல் என்று இளஞ்சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. தம்பிக்கு அது தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரிந்தவருக்கு நிச்சயம் தெரியும்.

"நாங்க விலைக்கு வாங்கலக்கா, லீகலா ஒரு ஹோம் மூலமாத்தான்" என்றார் தம்பி. சரி. 1999 வாக்கில் சென்னை புளியந்தோப்பில் ஒரு குழந்தை காணாமல் போனது. தாயும் தகப்பனும் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். 2005ல் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்து நூல் பிடித்துப் போனபோது, அது ஒரு ஹோம் வழியாக, எல்லாக் காகிதங்களோடும், நெதர்லாந்துக்குத் தத்துப் போயிருந்தது தெரிய வந்தது. அந்த நெதர்லாந்துத் தம்பதியும் நம் தம்பியைப் போல நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் யாரோ ஒருவர் "எல்லாம் லீகல்" என்றுதான் சொல்லியிருப்பார்.

இலங்கைக் கதை இதைவிடப் பெரிது. 1980களில் அங்கிருந்து சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனதாகக் கணக்கு. பிள்ளையைக் கையளிக்கும் இடத்துக்குத் தாய் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றவர்களில் பலர் காசுக்கு நடித்தவர்கள். வளர்ந்த பிள்ளைகள் முப்பது வயதில் விமானம் ஏறி, காகிதத்தில் இருந்த பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டிப்பிடித்து அழுது, அப்புறம் டிஎன்ஏ பார்த்தால் பொருந்தவில்லை. அந்த அழுகையை யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது? 2017ல் டச்சுத் தொலைக்காட்சி ஒன்று இதைத் தோண்டியபோது, குழந்தைப் பண்ணைகள் (தத்துக்கு விற்கவே பிள்ளை பெறவைத்த இடங்கள்) நடந்தது உண்மைதான் என்று இலங்கை சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டார். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. 2024ல் சீனா கதவை மூடிவிட்டது. போன தலைமுறையில் அவசரப்பட்டவர்களின் கணக்கை இந்தத் தலைமுறை வரிசையில் நின்று தீர்க்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் சுயநலமான காரணம். அமெரிக்காவும் இந்தியாவும், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிற நாடுகள். அந்த வழியில் வராத பிள்ளைக்கு இங்கே விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. பெற்ற பிள்ளை என்று பொய் சொல்லிப் போனால், டிஎன்ஏ கொண்டுவா என்று தூதரகம் கேட்கலாம். அப்போது கையில் குழந்தையோடு நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். ஆறு மாசக்காரர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

காகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கடைசிக் காகிதம் வரை முடிக்க வேண்டும். மும்பையிலிருந்து சிறுமியாக அமெரிக்காவுக்குத் தத்துப் போன ஒரு பெண்ணுக்கு யாரும் குடியுரிமை வாங்கி வைக்கவில்லை. வளர்ந்து இரண்டு பிள்ளைக்குத் தாயான பின் ஒரு வழக்கில் சிக்க, 2008ல் அவரை மும்பைக்கே நாடு கடத்தினார்கள். அந்த ஊரில் அவருக்கு ஒரு ஆள் தெரியாது. 2001 பிப்ரவரி 27லிருந்து சட்டம் மாறிவிட்டது. தத்து முழுதாக முடிந்து உரிய விசாவோடு வரும் பிள்ளை, இங்கே கால் வைத்ததும் குடிமகள். நெவார்க் விமான நிலையத்தில் அதிகாரி முத்திரை குத்தியபோது பாப்பா இவர் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கால் நடுங்கியது.

ஒடிசாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே.

2023 மார்ச்சில் போனோம். கலெக்டர் உத்தரவு வந்து, பாஸ்போர்ட்டும் தயாரான பிறகு. முன்பெல்லாம் கோர்ட்டில்தான் உத்தரவு வாங்க வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து அது மாவட்ட ஆட்சியர் கைக்கு வந்துவிட்டது. இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வாய்தாவோ. பாப்பா இருந்த இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாக்களை மாவுசி என்கிறார்கள். நம்ம சித்தி. பாப்பாவின் மாவுசிக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. குழந்தையைத் தரவும் இல்லை. முதலில் ஒரு கிண்ணத்தில் குழைந்த சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொல்லி சைகை காட்டினார். அண்ணத்தில் ஓட்டை இருக்கிற பிள்ளைக்குப் படுக்கவைத்து ஊட்டினால் மூக்கு வழியாக வந்துவிடும். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், கன்னத்துப் பக்கமாகக் கொடுத்து, விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டேன். பருப்பு மூக்கில் வந்தது. மாவுசி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். மறுபடி. மறுபடி. மூன்று நாள் இந்தப் பாடம். மூன்றாம் நாள் ஸ்பூனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனவர், நாங்கள் கிளம்பும்போது வெளியே வரவில்லை. அவர் தாலாட்டு முனகுவதை முதல் நாளே போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். நான் செய்த காரியங்களில் புத்திசாலித்தனமானது அது ஒன்றுதான்.

இல்லத்துக்கு நாங்கள் கொடுத்தது விதிப்படி 5,000 டாலர், வங்கி வழியாக, ரசீதோடு. மாவுசிக்கு ஒரு புடவை கொண்டுபோயிருந்தேன். கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

அங்கிருந்து டெல்லி. மருத்துவப் பரிசோதனை, விசா, ஹோட்டல் அறையில் பன்னிரண்டு நாள். முதல் நாலு நாள் அழுகைதான். இவருடைய தாடியைப் பார்த்து வீறிட்டாள். பாவம், பதினேழு வருஷத் தாடியை எடுத்துவிட்டார். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "ஆணி, ஆணி" என்று கதறினாள். இவர் பதறிப்போய் விளக்கைப் போட்டு, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து, தரை முழுக்க ஆணி தேடினார். எனக்குத்தான் கொஞ்சம் கழித்து உறைத்தது. ஒடியாவில் தண்ணீருக்குப் பாணி. அண்ணம் பிளந்த பிள்ளைக்கு 'பா' வராது.

தண்ணீர் குடித்துவிட்டு என் மேலேயே தூங்கிவிட்டாள். முதல் தடவையாக.

புண்ணியம் பண்ணிட்டீங்க என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குப் பிள்ளை வேண்டும் என்றுதான் போனேன். கோயில் கட்டப் போகவில்லை. அவள் காதில் விழும்படி இனி யாரும் அதைச் சொல்லாதீர்கள்.

போன வருஷம் கும்பகோணத்தில் பெரியமாமா, எல்லாப் பிள்ளைகளையும் கேலி செய்கிற பழக்கத்தில், "உன்னத் தவிட்டுக்குல்ல வாங்குனோம்" என்று பாப்பாவிடம் ஆரம்பித்துவிட்டார். என்னை, என் தம்பியை, ஊரில் இருக்கிற எல்லாரையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பாதியிலேயே அவருக்கு உறைத்துவிட்டது. கூடம் முழுக்க மௌனம். அத்தை அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தவிடுன்னா என்ன?" என்றாள். மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கை நிறைய அள்ளி மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். என்றைக்காவது அந்தக் கேலியின் அர்த்தத்தைக் கேட்பாள். அன்றைக்கு அந்தப் பேப்பர் நறுக்கை எடுத்துக் காட்டி, தவிடும் இல்லை, காசும் இல்லை, உன்னைத் தேடி யாராவது வருவார்களா என்று ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் கொடுத்தார்கள் என்று சொல்ல என்னால் முடியும். தம்பியிடம் நான் கேட்டதும் இதைத்தான். ஆறு மாசக்காரர் தருகிற பிள்ளை பதினெட்டு வயதில் வந்து கேட்டால், நீ எந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுவாய்?

இப்போதே பாப்பாவுக்கு அந்தப் படம் தெரியும். நேற்றுகூட எடுத்துப் பார்த்தாள். "இதுல எனக்கு முடியே இல்ல" என்று ஒரே புகார்.

தம்பிக்கு காரா தளத்தின் முகவரியையும், எங்கள் சமூகப் பணியாளர் அம்மாவின் நம்பரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.