மாற்று எஞ்சினில் பேரிங் போனால் முதலில் ஷெல்லைப் பாருங்கள்

"மாற்றிய எஞ்சினிலும் பேரிங் போனால் விற்றவர் ஏமாற்றிவிட்டார், வேறு காரணமே கிடையாது" என்று சிலர் எழுதுவது தவறு. தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கடன் வாங்கி எஞ்சின் மாற்றும் டாக்சி ஓட்டுநர்கள் இதை நம்பி இரண்டாவது முறையும் பணத்தை இழக்கக் கூடாது.

பழைய எஞ்சினில் பேரிங் அரைபட்டபோது உதிர்ந்த உலோகத் துகள், எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரின் நுண்ணிய வழிகளில் தங்கிவிடும். அதே கூலரை டீசலில் கழுவி மாட்டினால் துகள் புது எஞ்சினுக்குள் இறங்கும். ஆயில் ஃபில்டரைக் கடந்த பிறகு கூலருக்குப் போகும் எஞ்சின் என்றால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கி, பேரிங்கின் அரைவட்டத் தகடான ஷெல்லைக் கையில் எடுங்கள். கோடு கோடாகக் கீறி, துகள் புதைந்திருந்தால் அழுக்குதான் காரணம். மேற்பூச்சு வழித்தெடுத்ததுபோல் தேய்ந்து, அந்த ஷெல்லில் சுழலும் கிராங்க் தண்டு நீலம் பாரித்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. அப்போது சம்ப்பில் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் அடைப்பையும், உறிஞ்சு குழாயின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் சோதியுங்கள். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம்.

கூலரைப் புதிதாகவே போடுங்கள். கழற்றிய ஷெல்களில் எது எத்தனையாவது சிலிண்டருடையது என்று குறித்து வையுங்கள். விற்றவர்மேல்தான் தவறு என்றாலும் அவரிடம் காட்ட அதுவே சான்று.