மூன்று முறை எழுந்து ஓடிய பையன்

எங்கள் பக்கம் எந்தக் கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனாலும் கடைசி நாள் ராத்திரி ஓர் அழைப்பு இருக்கும். "முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவங்க எழுந்து நில்லுங்க." நாலைந்து வாலிபர்கள் கண்ணீரோடு நிற்பார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்து அவர்களுக்காக ஜெபித்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். தேவ அழைப்பு என்றால் அந்த நாலைந்து பேருக்கானது என்றுதான் நானும் பல வருஷம் நம்பியிருந்தேன். நிற்கிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. உட்கார்ந்தே இருந்த என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையில் இருந்தவர்கள் யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். வியாசர்பாடியில் நாங்கள் முதல் மாடியில் இருக்கிறோம். கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். பாதி ஜெபத்தில் படிக்கட்டுக்குக் கீழேயிருந்து ஒரு குரல். "கண்ணு... கண்ணு..." கீழ்வீட்டு ஆயா. தனியாக இருப்பவர். எனக்கு நன்றாகவே கேட்டது. ஜெபம் முடிந்ததும் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஜெபமும் நீளமாக வந்தது. வெள்ளத்தில் தவிக்கிற எல்லா ஜனங்களுக்காகவும் மன்றாடினேன்.

இறங்கிப் போனபோது அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி டப்பா கவிழ்ந்து அரிசியெல்லாம் கறுப்புத் தண்ணீரில் மிதந்தது. ஆயா கட்டில் மேல் ஏறி, ரேஷன் கார்டும் மாத்திரையும் போட்ட பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைத் திட்டவில்லை. "வந்துட்டியா கண்ணு" என்றார். அவ்வளவுதான். கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தேன். அந்தக் கை ஜில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் பல நாள் எனக்கு வேதம் வாசிக்கவே கஷ்டமாக இருந்தது. அந்த நாட்களில்தான் ஒன்று சாமுவேல் 3ஆம் அதிகாரம் எனக்குப் புதிதாகத் திறந்தது. ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்த கதைதான். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற அந்தக் கடைசி பதிலைத்தான் மனப்பாடம் செய்திருந்தோம். அதற்கு முன் நடந்ததை நான் கவனித்ததே இல்லை. ராத்திரியில் குரல் கேட்டதும் பையன் சாமுவேல், ஆசாரியரான ஏலியிடம் ஓடுகிறான். கண் மங்கிப்போன ஒரு கிழவர் கூப்பிடுகிறார் என்றுதான் அவன் நினைக்கிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார். மறுபடி ஓடுகிறான். மூன்றாம் முறையும் ஓடுகிறான். தூக்கக் கலக்கத்தில் ஒரு முணுமுணுப்பு கூட இல்லை. கர்த்தரை அவன் அதுவரை அறியவில்லை என்று அந்த அதிகாரமே சொல்கிறது. ஆனால் ஒரு முதியவரின் குரலுக்கு எழுந்து ஓடுகிற பழக்கம் அவனுக்கு இருந்தது. கர்த்தர் அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிட்டார்.

அவன் கர்த்தரின் குரலைக் கிழவரின் குரல் என்று நினைத்து ஓடினான். எனக்குக் கேட்டது நிஜமாகவே ஒரு கிழவியின் குரல். நான் ஓடவில்லை.

இதைக் காசிமேட்டில் விசைப்படகில் போகிற, எங்கள் சபை அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவர், மீனவராயிருந்து இயேசுவின் சீடரான பேதுருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ராயபுரம்காரருக்கு வேறு யாரைப் பற்றிப் பேச வரும்! ராயப்பர் என்பது பேதுருவின் பழைய தமிழ்ப் பெயர்தானே. "லூக்கா அஞ்சுல ஆண்டவர் வந்தப்போ அவங்க வலைய அலசிட்டிருந்தாங்க தம்பி. அலசிட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சிதுன்னு அர்த்தம். ராத்திரி பூரா ஒண்ணும் மாட்டல. கண்ணு எரியும், தோள் கழண்டு விழும். அப்போ வந்து, திரும்பப் போடுன்னா? மறுபடி மொத்தத்தையும் அலசணுமே" என்றார். அன்றைக்கு வலையெல்லாம் நூல் வலை. அலசிக் காயவைக்காவிட்டால் இற்றுப்போகும். பேதுரு தன் களைப்பை மறைக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்லிவிட்டு, "ஆகிலும்" என்று மறுபடி வலையைப் போடுகிறார். முழு இருதயத்தோடு கீழ்ப்படிவது என்றால் எனக்கு இப்போது அந்த "ஆகிலும்"தான் ஞாபகம் வருகிறது. உற்சாகம் பொங்கி வழிய வேண்டும் என்றில்லை. களைத்துப்போய், வேலை முடிந்தது என்று உட்கார்ந்த பிறகும் எழுந்திருப்பது.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கையில் காசில்லாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து உலை வைக்கிற அக்காக்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிட்டு எண்ணெய் பூசி ஜெபிப்பதில்லை. கூப்பிட வேண்டும் என்று நான் போதகரிடம் கேட்டிருக்கிறேன். மறுபடியும் கேட்பேன்.

ஆயா இன்றைக்கும் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். போன வாரம் கூப்பிட்டார், கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டுமாம். சரியாக ஜெப நேரம். சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்த மகளை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினேன். மாற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தேன். மகள் அந்த வசனத்தில் விரலை வைத்தபடியே காத்திருந்தாள்.