காம்ரேட் ரஷ்யச் சொல் இல்லை அண்ணே

அண்ணே, 'காம்ரேட்' ரஷ்யச் சொல், 1917 புரட்சிக்குப் பிறகுதான் ஆங்கிலத்துக்குள் வந்தது, நம்ம பக்கத்து மலையாளிகள் தோழரைச் சொல்கிற 'சகாவு'கூட அதன் திரிபுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே தப்பு. ரஷ்யர்கள் சொல்வது தவாரிஷ். காம்ரேட் 1616இல் இறந்துபோன ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலேயே வருகிறது. ஸ்பானிய மொழியில் கமராதா என்றால் ஒரே அறையில் தங்குகிறவன், முக்கியமாகப் படைவீரன். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அடியில் கிடப்பது வளைகூரை அறையைக் குறிக்கும் லத்தீன் 'கேமரா', ஆமாம், போட்டோ எடுக்கிற கேமராவுக்கும் அதே வேர்தான். சோஷலிஸ்டுகள் எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில். அப்புறம், களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குள் நுழைந்ததும் சுவரில் சிவப்புப் பெயின்டில் பார்க்கிற அந்த 'சகாவு', சமஸ்கிருத 'சகா'விலிருந்து வந்தது. நாம் 'சகாக்கள்' என்று எழுதுவதும் அதுவேதான்.